கூடியிருந்து எழுதுதல்



தேர்வு நெருங்கும் காலத்தில் உங்களுள் சிலர் செய்யும் ஒரு காரியத்தை நான் பல்லாண்டுகளாகக் கவனித்திருக்கிறேன். "வீட்டில் ஒரே இரைச்சல், படிப்பே ஓடவில்லை" என்று சொல்லிப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, பாட்டியின் ஊருக்கோ மாமாவின் வீட்டு மாடியறைக்கோ புறப்பட்டுவிடுவீர்கள். அங்கே அமைதி இருக்கும். தோப்பும் கிணறும் இருக்கும். முதல் நாள் பயணக் களைப்பு; இரண்டாம் நாள் கிணற்றுக் குளியல்; மூன்றாம் நாள் வண்ண மையில் அட்டவணை ஒன்று அழகாக எழுதப்பட்டுச் சுவரில் ஒட்டப்படும். பத்தாம் நாள், மூட்டை கட்டியது கட்டியபடியே ஊர் திரும்பும். 34 ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்த எனக்கு இந்த யாத்திரையின் பலன் தெரியாததன்று.

கற்றுத் தேர்ந்த பேராசிரியர்களும் இதே யாத்திரையை மேற்கொள்கின்றனர் என்று கூறினால் நீங்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே. மேல்நாடுகளில் அவர்கள் சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ தம் கல்லூரியையும் இல்லத்தையும் விட்டு விலகி, ஓரிடத்தில் தங்கி, எழுத்து வேலை ஒன்றையே செய்துவிட்டு வருகின்றனர். ஆங்கிலத்தில் இதனை 'ரைட்டிங் ரிட்ரீட்' என்பர். ரிட்ரீட் என்னும் சொல்லுக்குப் போர்க்களத்தில் பின்வாங்குதல் என்று ஒரு பொருள். கிறிஸ்தவர் சில நாட்கள் மௌனமாக ஒதுங்கித் தியானத்தில் இருப்பதற்கும் அதுவே பெயர். இவ்வழக்கம் நம் நாட்டுக்குப் புதியதன்று. மழைக்காலத்தில் ஊர் ஊராகத் திரிதலை நிறுத்தி ஒரே இடத்தில் தங்கும் விரதத்தைச் சமணரும் பௌத்தரும் கைக்கொண்டனர். வைதிகத் துறவியர் அதனைச் சாதுர்மாஸ்யம் என்றனர். சமண முனிவர் தங்கிய இடத்துக்குத் தமிழில் பள்ளி என்று பெயர். நம் பள்ளிக்கூடத்தின் பெயரிலும் அச்சொல்லே அமர்ந்திருக்கிறது என்பது என் போன்ற கிழ ஆசிரியர்களுக்கு ஒரு மகிழ்ச்சி. அது நிற்க, இந்த ஏற்பாட்டை நாம் 'தங்கி எழுதும் முகாம்' என்று சொல்லிக்கொள்வோம்.

பேராசிரியருக்கு எழுதுவதற்கு நேரமா இல்லை என்று நீங்கள் கேட்கலாம். ஒருவர் ஆராய்ந்து கண்டதை ஆராய்ந்ததோடு விட்டுவிட முடியாது. அதனைக் கட்டுரையாக வரைந்து ஓர் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்ப வேண்டும். அத்துறை அறிஞர் வேறு சிலர் அதனைப் படித்துக் குறை கூறுவர். திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும். அதன் பின்னரே அது அச்சேறும். வேலை நிலைப்பதும் பதவி உயர்வதும் இதனைப் பொறுத்தனவாக இருக்கின்றன. ஆனால் அவருடைய ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். காலையில் வகுப்பு, பிறகு குழுக் கூட்டம், பிறகு விடைத்தாள், இடையிடையே மாணவரின் ஐயங்கள், கணிப்பொறியைத் திறந்தால் வரிசையாக நிற்கும் மின்னஞ்சல்கள். இவ்வேலைகள் ஒவ்வொன்றுக்கும் வாயிலில் ஓர் ஆள் காத்து நிற்கிறார். விடைத்தாளைத் திருத்தாவிட்டால் மறுநாளே கேட்க ஆள் உண்டு. அத்தியாயத்தை எழுதாவிட்டால் கேட்பார் எவரும் இலர். கேட்பார் இல்லாத வேலைதான் எப்போதும் நாளைக்குத் தள்ளப்படுகிறது. அந்த நாளை பல ஆண்டுகளாக நீண்டுவிடுகிறது.

என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த பெண் ஒருத்தி இப்போது ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிக்கிறாள். எங்கள் மாவட்டத்து ஏரிகளின் நிர்வாகத்தைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவள். அவ்வாராய்ச்சியை ஒரு நூலாக எழுதித் தருவதாகப் பதிப்பகத்தாரிடம் ஒப்புக்கொண்டு 6 ஆண்டுகள் கழிந்தன. நூல் வரவில்லை. மும்முறை தவணை கேட்டாள். நான்காம் முறை கேட்க அவளுக்கு வெட்கம். பதிப்பகத்தார்க்கோ பொறுமை இல்லை. அவளுடைய வேலை உறுதியாவதும் அந்நூலைப் பொறுத்தே இருந்தது. அந்நாட்களில் எனக்கு எழுதிய கடிதம் ஒன்றில், "ஐயா, எனக்கு எழுதத் தெரியாது என்றே இப்போது நினைக்கத் தொடங்கிவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். வகுப்பில் அவளுடைய நோட்டை மற்றப் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டியவன் நான். அவ்வரியைப் படித்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன். அவள் இத்தகைய முகாம் ஒன்றுக்குச் சென்று வந்த கதையைச் சொல்லுமுன், இந்த ஏற்பாடு எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது சொல்ல வேண்டும்.

பிரிட்டனின் பிரதம மந்திரியாக நான்கு முறை இருந்த கிளாட்ஸ்டன் என்பாரைச் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் பெரும் படிப்பாளி. வேல்ஸ் நாட்டின் வடகிழக்கில், செஸ்டர் நகருக்கு அண்மையில் ஹார்டன் என்னும் சிற்றூரில் அவருடைய மாளிகை இருந்தது. முதுமையில் அவருக்கு ஒரு கவலை உண்டாயிற்று. தம்மிடம் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன, படிப்பார் இல்லை. வெளியே படிக்க விரும்புவோர் இருக்கின்றனர், அவர்களிடம் புத்தகம் இல்லை. இரு சாராரையும் ஒன்று சேர்ப்பது எப்படி? ஊரிலேயே ஒரு தகரக் கொட்டகையை எழுப்பச் செய்து, தம் நூல்களில் ஏறத்தாழ 32,000 நூல்களை அங்கே மாற்றினார். எண்பது வயதை எட்டிய அந்தக் கிழவர், தம் மகளும் வேலையாளும் துணை வரத் தள்ளுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சென்று, தாமே அலமாரிகளில் அடுக்கினார் என்று கூறுவர். நாடாண்ட கைகள் தள்ளுவண்டியைப் பிடித்த இக்காட்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர் 1898-இல் காலமானார். பின்னர் மக்கள் அளித்த நன்கொடையால் கல் கட்டடம் எழும்பி 1902-இல் திறக்கப்பட்டது. படிக்க வருவோர் தங்குவதற்கான பகுதி 1906-இல் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே 26 படுக்கையறைகள் உண்டு. ஆராய்ச்சியாளரும் எழுத்தாளரும் பணம் செலுத்தித் தங்கலாம். மாடியில் உறங்கி, உணவுக்கூடத்தில் உண்டு, பகல் முழுதும் நூலகத்தில் அமர்ந்து எழுதலாம். அறைக்கும் நூலகத்துக்கும் இடையே சில அடிகள்தான். இடையில் சந்தையும் இல்லை, அலுவலகமும் இல்லை.

இவ்வாறான வேறு இடங்களும் உண்டு. இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் பெல்லாஜியோ என்னும் ஊரில் உள்ள மாளிகை ஒன்று 1959-இல் ராக்பெல்லர் அறநிலையத்துக்கு நன்கொடையாக வந்தது. உலகெங்குமுள்ள அறிஞர் அங்கே சில வாரங்கள் தங்கி எழுதி வந்திருக்கின்றனர். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மெக்டவல் என்னும் இசைவாணரும் அவர் மனைவியாரும் 1907-இல் தொடங்கிய குடியிருப்பு பேராசிரியர்க்கென ஏற்பட்டதன்று, கலைஞர்க்கும் எழுத்தாளர்க்கும் உரியது. ஆயினும் அங்குள்ள ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. காட்டுக்குள் தனித்தனியே குடில்கள். நண்பகல் உணவை ஒரு கூடையில் வைத்துக் கொண்டுவந்து குடிலின் வாயிலில் வைத்துவிட்டுச் செல்வர், கதவைத் தட்டமாட்டார்கள். எழுதுகிறவரின் சிந்தனை அறுந்துவிடக் கூடாது என்ற கருணை அது. நம் நாட்டிலோ, சிம்லாவில் ஆங்கிலேய வைசிராய்க்காக 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகையை, குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்கள் அறிஞர்க்கு உரியதாக்க விரும்பினார்கள். அங்கே இந்திய உயர் ஆய்வு நிறுவனம் 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. கோடையில் நாடாள்வோர் குடியிருந்த கூடங்களில் ஆராய்ச்சியாளர் அமர்ந்து எழுதுகின்றனர்.

இவற்றையெல்லாம் கேட்டால், ஏரியும் மலையும் அமைதியும் வேளா வேளைக்கு உணவும் கிடைத்தால் எழுத்து தானே பெருகும் என்று தோன்றுகிறது அல்லவா? அங்கேதான் சிக்கல். பாட்டியின் ஊரிலும் இவை யாவும் இருந்தனவே!

ரிச்சர்டு பைன்மன் என்ற பெயர்பெற்ற இயற்பியலறிஞர் 1985-இல் வெளியான தம் நினைவு நூலில் இதனைப் பற்றி ஒரு கருத்துக் கூறியிருக்கிறார். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில், ஐன்ஸ்டைன் பணியாற்றிய உயர் ஆய்வு நிறுவனத்தில், அறிஞர்க்கு வகுப்பு நடத்தும் கடமை கிடையாது. சிந்திப்பதே வேலை. ஆனால் சிந்தனை ஓடாத காலம் ஒன்று எவர்க்கும் வரும். அப்போது, "வேறு வேலை இருந்ததால் செய்யவில்லை" என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இராது. குற்றவுணர்வும் சோர்வுமே மிஞ்சும் என்பது அவர் கருத்து. மாணவரின் கேள்விகள்தாம் பல வேளைகளில் தம்மைப் புதிய வழியில் சிந்திக்கத் தூண்டின என்று கூறி, கற்பிக்கும் வேலை இல்லாத பதவியைத் தாம் ஏற்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். அவர் சொன்னது எல்லோர்க்கும் பொருந்தும் என்று நான் வாதிக்கவில்லை. அந்த நிறுவனத்தில் பேரறிஞர் பலர் அரிய பணி ஆற்றியிருக்கின்றனர். எனினும் ஓய்வு ஒன்றே எழுத்தாகிவிடாது என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

மற்றொரு சாட்சி ஒரு சோதனை. ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1983-இல் அதனை வெளியிட்டார். எழுத முடியாமல் துன்புற்ற 27 கல்லூரி ஆசிரியர்களை ஒன்பதின்மர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்தார். முதற் குழுவினர் அவசரமானவை தவிர வேறொன்றும் எழுதக் கூடாது. இரண்டாம் குழுவினர் எழுத மனம் எழும்போது எழுதலாம். மூன்றாம் குழுவினர் மனம் எழுந்தாலும் எழாவிட்டாலும் குறித்த வேளையில் எழுதியே தீர வேண்டும். தவறினால் தண்டனை உண்டு. தண்டனை என்ன தெரியுமா? தாம் மனமார வெறுக்கும் ஒரு சங்கத்துக்குத் தம் கைப்பணத்தை நன்கொடையாக அனுப்ப வேண்டும்! எங்கள் காலத்துப் பிரம்பு இதற்கு முன் எம்மாத்திரம்! பத்து வாரங்கள் சோதனை நடந்தது. முதற் குழுவினர் நாளொன்றுக்குச் சராசரி 0.2 பக்கம், இரண்டாம் குழுவினர் 0.9 பக்கம், மூன்றாம் குழுவினர் 3.2 பக்கம் எழுதினர்.

நெருக்கினால் பக்கம் பெருகும், அதில் வியப்பில்லை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அவ்வாறே நினைத்தேன். ஆனால் பாய்ஸ் மற்றொன்றையும் கணக்கிட்டார். புதிய கருத்துக்கள் எவர்க்கு மிகுதியாகத் தோன்றின என்று பார்த்தார். எழுதாமல் இருந்தவர்க்கு ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒன்று. மனம் எழும்போது எழுதியவர்க்கு இரண்டு நாளுக்கு ஒன்று. கட்டாயமாக எழுதியவர்க்கு நாளுக்கு ஒன்று. கருத்துத் தோன்றிய பின் எழுதுவோம் என்று நாம் காத்திருக்கிறோம். எழுதத் தொடங்கிய பின்னரே கருத்துத் தோன்றுகிறது என்று அச்சோதனை காட்டியது. 27 பேர் என்பது சிறு தொகை. கணக்கு ஆசிரியனாகிய நான் அதனை ஒரு தேற்றம் போல ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஆனாலும் வகுப்பறையில் கட்டுரைப் பயிற்சி நடத்திய எவரும் இதனை முற்றும் மறுக்கவும் மாட்டார்.

இனி என் மாணவியின் கதைக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் ரொவீனா மரே என்ற பேராசிரியை வகுத்த முறை ஒன்று உண்டு. எழுத்து முகாம்களில் இருவகை உண்டு என்பது அவர் கருத்து. ஒன்று தனிச்சிறை போன்றது. ஒவ்வொருவரும் தம் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொள்வர். மற்றொன்று பழைய அலுவலகங்களில் தட்டெழுத்தர் பலர் ஒரே கூடத்தில் வரிசையாக அமர்ந்து வேலை செய்தது போன்றது. அவர் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார். எல்லோரும் ஒரே அறையில் அமர வேண்டும். ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டும். இணையத்தைத் திறக்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

என் மாணவி சென்றது இம்முறையில் நடந்த முகாம். பழைய மாளிகை ஒன்றில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பன்னிருவர் கூடினர். ஒருவர் இரசாயனம், ஒருவர் சட்டம், ஒருவர் செவிலியர் கல்வி. ஒருவர் துறை மற்றவர்க்குத் தெரியாது. எழுதத் தொடங்குமுன் ஐந்து நிமிடம், தாம் என்ன எழுதப் போகிறோம் என்பதைத் தாளில் குறித்து அடுத்திருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "நூலை எழுதப் போகிறேன்" என்றாளாம் இவள். அருகிலிருந்த செவிலியர் ஆசிரியை புன்னகைத்து, "அது சரி, ஏழு மணிக்குள் எதை எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டாராம். இவளிடம் விடை இல்லை. அன்று ஒன்றரை மணி நேரத்தில் எழுதியது 140 சொற்கள். அவற்றிலும் பாதியை அடித்துவிட்டாள்.

மறுநாள் காலை 9.30 முதல் 11 வரை, பின் தேநீர், 11.30 முதல் 12.30 வரை, உண்டபின் சிறிது நடை, மீண்டும் பிற்பகல் அமர்வு. முதல் இடைவேளையில் அந்தச் செவிலியர் ஆசிரியை மறுபடியும் வந்தார். "உங்கள் நூலில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பகுதி எது?" என்று கேட்டார். "மதகு" என்றாள் இவள். மதகு என்றால் என்ன என்று அவர் கேட்க, ஏரியின் கரையையும் மதகையும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்துத் திறந்து விடும் நீர்க்கட்டியையும், அறுவடையில் அவருக்கு அளக்கும் நெல்லையும் பற்றித் தேநீர் ஆறும் வரை சொன்னாளாம். "இதைத்தான் எழுத வேண்டும்" என்றார் அவர். ஆறு ஆண்டுகளாக முன்னுரையை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தவள், அன்று முன்னுரையை விட்டுவிட்டு மதகிலிருந்து தொடங்கினாள். ஞாயிறு மாலைக்குள் ஓர் அத்தியாயத்தின் பெரும்பகுதி, 4,000 சொற்களுக்கு மேல், எழுதி முடித்தாள்.

"அறையின் அமைதியா உன்னை எழுத வைத்தது?" என்று கேட்டேன். "இல்லை, ஐயா. எங்கள் வீட்டில் நள்ளிரவில் அதைவிட அமைதி. எழுந்து போகலாம் என்று தோன்றும்போதெல்லாம் பதினொரு தலைகள் குனிந்திருப்பதைப் பார்த்தேன். எழுந்து போக வெட்கமாக இருந்தது. நம் விடுதியின் இரவுப் படிப்பு நினைவுக்கு வந்தது" என்றாள்.

அவள் சொன்ன இரவுப் படிப்பை நான் விளக்க வேண்டும். எங்கள் பள்ளி விடுதியில் இரவு 7 மணிக்கு மணி அடிக்கும். நீண்ட கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் அமர்வர். 9 மணி வரை பேச்சுக் கூடாது. ஆசிரியர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எதையும் சொல்லித் தர மாட்டார். ஆண்டுதோறும் ஓரிரு பிள்ளைகள் என்னிடம் வந்து, "தனியே படித்தால் நன்றாகப் படிப்பேன், ஐயா, கூடத்தில் கவனம் சிதறுகிறது" என்று விண்ணப்பிப்பார்கள். சிலருக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். உண்மையாகவே தனிமையில் படிக்க வல்ல பிள்ளைகள் அவர்களுள் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலோர் ஒரு மாதத்துக்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கே திரும்பி வந்தனர். அக்கூடத்தை நான் ஒழுங்குக்காக ஏற்பட்டது என்றே கருதியிருந்தேன். அது ஒருவர்க்கு ஒருவர் அளித்த துணை என்பது, ஓய்வு பெற்ற பின் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு மாணவி சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

அவள் மேலும் ஒன்று சொன்னாள். "மூன்று வேளையும் யாரோ சமைத்து என் முன் கொண்டுவந்து வைத்தார்கள், ஐயா. அடுத்த வேளைக்கு என்ன என்று இரண்டு நாள் நினைக்கவே இல்லை. எனக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் தடவை." அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகன் உண்டு. கணவர் நல்லவர், உதவி செய்பவர். ஆயினும் பிள்ளைக்குச் சட்டை சிறியதாகிவிட்டது என்பதும், பால் தீர்ந்துவிட்டது என்பதும் அவள் நினைவிலேதான் இருந்தன.

இதனை அறிந்தே நியூசிலாந்தில் பார்பரா கிராண்ட் என்னும் பேராசிரியை, 1997 முதல் கல்லூரிகளில் பணிபுரியும் பெண்களுக்கென்று தனியாக ஒருவார எழுத்து முகாம்களை, டௌபோ என்னும் பெரிய ஏரிக்கு அருகில், நடத்தி வரலானார். பெண்கள் ஒருவர் எழுதுவதை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும், தாமும் எழுதுகிறவர் என்று எண்ணப் பழக வேண்டும் என்பது அவர் நோக்கம். இங்கிலாந்தில் வர்ஜீனியா உல்ப் என்னும் எழுத்தாளர் 1928-இல் கேம்பிரிட்ஜில் பெண்கள் கல்லூரி மாணவியரிடையே பேசி, மறு ஆண்டில் நூலாக வெளியிட்ட கருத்தும் நினைவுக்கு வருகிறது. பெண் எழுத வேண்டுமாயின் ஆண்டுக்கு 500 பவுன் வருமானமும் பூட்டுப் போடத்தக்க ஓர் அறையும் வேண்டும் என்றார் அவர். பூட்டுப் போட்ட அறையோடு, அடுத்த நாற்காலியில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு தோழியும் வேண்டும் என்று கிராண்ட் சேர்த்துக்கொண்டார் எனலாம்.

இம்முகாம்களில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. செலவு உண்டு. அச்செலவைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, பல ஏற்பதில்லை. கைக்குழந்தை உள்ளவளும், படுக்கையில் கிடக்கும் தாயைப் பராமரிப்பவனும் இரண்டு இரவு வெளியே தங்குவது எளிதன்று; எழுத நேரம் மிகவும் வேண்டியவர் அவர்களே. அன்றியும், ஒருவருடைய நேரம் முழுவதையும் கூட்டங்களாலும் படிவங்களாலும் நிரப்பிவிட்டு, பிறகு அதில் இரண்டு நாளை மலைமேல் வைத்து அவருக்கே பரிசாக வழங்குவது என்ன நியாயம் என்று என் மாணவி கேட்டாள். அதற்கு என்னிடம் விடை இல்லை. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கிய புள்ளிவிவரப் படிவங்கள்தாம் கண்முன் வந்தன.

ஏரியும் மாளிகையும் இன்றியே இது நடக்கக்கூடும் என்பது 2020-இல் தெரியவந்தது. கொரோனா நோயால் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலத்தில், பல நாட்டு ஆராய்ச்சியாளர் குறித்த நேரத்தில் கணிப்பொறியின் திரையில் ஒன்றுகூடினர். இன்னது எழுதப் போகிறேன் என்று ஆளுக்கொரு வாக்கியம் சொல்வர். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு எழுதுவர். ஒரு மணி கழித்து ஒருவர் மணி அடிப்பார். ஒருவர் வீட்டுச் சமையலறையும் மற்றொருவர் வீட்டு மாடிப்படியும் பின்னால் தெரிய, பேசாமல் குனிந்திருக்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டே என் மாணவி தன் நூலின் கடைசி இரண்டு அத்தியாயங்களை முடித்தாள். நூல் வெளிவந்துவிட்டது. அவள் வேலையும் உறுதியாயிற்று. மதகைப் பற்றிய அத்தியாயமே முதலில் நிற்கிறது. முன்னுரை இரண்டே பக்கம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இயற்கணிதத்தில் எங்கெங்கே தவறுகின்றனர், ஏன் தவறுகின்றனர் என்பதைப் பற்றிய குறிப்புகளை வேலை பார்த்த காலம் முழுவதும் ஏழு நோட்டுக்களில் எழுதி வைத்திருந்தேன். இளம் ஆசிரியர்க்கு ஒரு நூலாக்க வேண்டும் என்பது என் எண்ணம். நேரமில்லை, நேரமில்லை என்று அவ்வளவு காலமும் சொன்னேன். ஓய்வு பெற்றதும் மாடியில் எனக்கென்று ஓர் அறை கட்டி, தேக்கு மேஜையும் போட்டுக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளில் நான் எழுதியது நூலின் பெயர் மட்டுமே. அதையும் மூன்று முறை மாற்றினேன். மேஜையைத் துடைப்பேன், நோட்டுக்களை வரிசைப்படுத்துவேன், செய்தித்தாளை முதல் வரி முதல் கடைசி வரி வரை படிப்பேன். கீழே சமையலறையில் என் மனைவி பதினோரு மணிக்குக் காபி கொண்டுவந்து தருவாள். கதவைத் தட்டாமல் வைத்துவிட்டுப் போவாள். கூடையில் வந்த உணவைப் போல எனக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. அந்த வேளையில் அவளுக்கு ஒருவரும் எதையும் கொண்டுபோய் வைக்கவில்லை என்பதை நான் எண்ணிப் பார்த்ததும் என் மாணவியின் கடிதத்துக்குப் பிறகுதான்.

இப்போது ஊர்க் கிளை நூலகத்தின் பின்னறையில், நூலகரின் அனுமதி பெற்று, ஓய்வு பெற்ற மூவர் கூடுகிறோம். ஒருவர் தமிழாசிரியர், கிராமத் தெய்வங்களைப் பற்றி எழுதுகிறார். மற்றொருவர் தபால் இலாகாவில் இருந்தவர். தம் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதாகச் சொல்லுகிறார், ஆனால் பாதி நேரம் உறங்குகிறார். அவர் குறட்டை கேட்டால் நாங்கள் எழுப்புவதில்லை. காலை 9.30 முதல் 11 வரை, பிறகு தெருமுனைக் கடையில் தேநீர், 11.30 முதல் 12.30 வரை. கைப்பேசிகள் மூன்றும் நூலகரின் மேஜை இழுப்பறையில் இருக்கும். செவ்வாயும் வியாழனும் என் மனைவி அவளுடைய பஜனைக் குழுவுக்குச் செல்கிறாள். அன்று சமையல் என்னுடையது. ஆகையால் அந்நாட்களில் 12 மணிக்கே எழுந்துவிடுகிறேன்.

ஐந்து அத்தியாயங்கள் முடிந்திருக்கின்றன. ஆறாவது, கழித்தல் குறியைப் பற்றியது. அடைப்புக்குறிக்கு முன் அது நிற்கும்போது பிள்ளைகள் உள்ளே முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுவிடுவது ஏன் என்பதில் நின்றுகொண்டிருக்கிறேன். நேற்றுத் தேநீர்க் கடையில் தமிழாசிரியரிடம் அதனை விளக்க முயன்றேன். அவருக்கு விளங்கவில்லை. நாளை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.